மூன்று பெல் வார்த்தை

"மார்..." என்று சொல்லிக் கரண்டியால் டம்ளரில் ஒரு தட்டுத் தட்டினார் ஆறுமுகம். "செஸ்..." என்று இன்னொரு தட்டு. பிறகு கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி, வாயைத் திறந்தபடி, அப்படியே நின்றுவிட்டார்.

அடுப்படியிலிருந்து ஜானகி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, பல்லு வலியா?"

"பல்லு இல்லடி. மூணாவது துண்டு இன்னும் வந்து சேரல."

"எங்கேர்ந்து வரணும்?"

"பெங்களூர் போற ரயில்லேர்ந்து. நாளைக்குக் காலையில."

முப்பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் ஜானகி கற்ற பாடம் ஒன்று உண்டு. கேள்விகளை இரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மூன்றாவது கேட்டால் அவருடைய பதில் முடிவதற்குள் உலை பொங்கி அடுப்பே அணைந்துவிடும். அவள் உள்ளே போய்விட்டாள்.

விஷயம் இதுதான். மகள் தாரா வீட்டுக்கு பெங்களூர் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு, போன சனிக்கிழமைதான் கணவனும் மனைவியும் தங்கச் சுரங்கம் இருந்த சாம்பியன் ரீப்ஸுக்குத் திரும்பியிருந்தார்கள். வாசலில் பழைய பெயிண்ட் டின்னில் ஆறுமுகம் வளர்த்துவந்த நாட்டு வாதாம் கன்று அப்பளமாய்க் காய்ந்து நின்றது. ஆனால் ஓர் இலைகூடக் கீழே விழுந்திருக்கவில்லை! வாதாம் என்றால் இலை சிவந்த மறுவாரமே வாசலை நிறைத்துவிடும் ஜாதி. இதிலோ நாற்பத்திரண்டு இலைகளும், சுரங்கக் கழிவு குவிந்த சைனைட் மேட்டுக் காற்று ஊளையிட்டு அடித்தும், கிளையை விட்டு அசையவில்லை. அந்தக் காற்றில் ஒருமுறை ஓர் ஆடு பறந்ததை ஆறுமுகம் தன் கண்ணால் பார்த்திருக்கிறார்.

ஊரில் இல்லாதபோது செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு எதிர்வீட்டு வெங்கடம்மாவுடையது. பேத்தமங்களாவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவர்கள் பையைக்கூட இறக்கிவைக்கவில்லை, ஓடி வந்தாள்.

"அண்ணய்யா, இது போயிடுச்சு. தூக்கிப் போட்டுடலாம். எங்க ஊர்லேர்ந்து நல்ல கன்னாப் பாத்து ஒண்ணு கொண்டாந்து தரேன்."

"கையை எடு! காய்ஞ்சும் கொட்டாத எலைய எங்கியாச்சும் பாத்திருக்கியாம்மா நீ?"

"இல்லீங்க" என்று வெங்கடம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மேல் வரிசை வீட்டு ராகுலன் ரயிலுக்கு ஓடிக்கொண்டிருந்தான். தினமும் பெங்களூர் போய் ஒரு காலேஜில் செடிகொடிப் பாடம் நடத்துகிறவன். மதிலுக்கு மேலாக ஒரு பார்வை, ஒரு சடன் பிரேக்.

"மாமா! வாதாமா இது? காய்ஞ்சும் கொட்டலியா? இதுக்குன்னே லத்தீன்லேர்ந்து வந்த வார்த்தை ஒண்ணு இருக்கு!"

சொன்னான். காலண்டர் தாளைக் கிழித்து அதன் முதுகில் ஆங்கிலத்தில் எழுதியும் கொடுத்தான். ஓடிவிட்டான். தாளில் பத்து எழுத்து இருந்தது. ஆறுமுகத்தின் காதில் பத்தில் ஒன்றுகூட இல்லை. உச்சரிப்பு ரயிலோடு போய்விட்டது.

போனால் போகட்டும் என்று விடக்கூடிய விஷயமா இது? அடுத்த ஞாயிற்றுக்கிழமை செடி வளர்ப்போர் சங்கத்தின் வருடாந்தரக் கண்காட்சி. செடி வைப்பவர் மைக்குக்கு முன்னால் வந்து, தன் செடியின் பேரையும் விசேஷத்தையும் தன் வாயால் சொல்ல வேண்டும் என்பது சங்கத்தின் சட்டம். பக்கத்திலேயே தலைவர் எட்மண்ட் நிற்பார். சுரங்கக் கம்பெனி நாளில், ஆள் வருகை எழுதும் டைம் ஆபீசில் இருந்தவர். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, அதைவிட மடிப்புக் கலையாத இங்கிலீஷ். யாராவது தப்பாகச் சொன்னால் இரண்டு விரலைத் தூக்கி, "ஒரு ஸ்மால் கரெக்‌ஷன்" என்பார்.

போன வருடம் ஆறுமுகம் 'போகன்வில்லா' என்றார். இரண்டு விரல் எழுந்தது. அதற்கு முந்தின வருடம் சாமந்தியை 'கிரிசாந்தி' என்றார். அப்போது நான்கு விரல் எழுந்ததாக ஊரில் பேச்சு.

அதிலிருந்து டீக்கடையில் அவருக்குப் பேர் 'கரெக்‌ஷன் ஆறுமுகம்'.

அதுதான் அவரைத் தின்றது. ஏனென்றால் அதற்குமுன் இருபத்தெட்டு வருடம் அவருடைய பேர் 'பெல் ஆறுமுகம்'. சுரங்க வாயிலில் நின்று, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணி அடித்தவர். மூன்று பெல் என்றால் ஆள் ஏறுது. இரண்டு என்றால் இறக்கு. ஒன்று என்றால் நிறுத்து, அவ்வளவுதான், அதன்பிறகு ஈ எறும்பும் அசையக்கூடாது. பாதாளத்துக்கும் பூமிக்கும் நடுவே தொங்கிய ஆயிரக்கணக்கான உயிர்கள் அவருடைய வலது கையை நம்பி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தன. இருபத்தெட்டு வருடத்தில் ஒரு பெல் பிசகியதில்லை. அந்தக் கைக்குச் சொந்தக்காரருக்கு இப்போது பேர் கரெக்‌ஷன்!

இந்த ஞாயிறு அந்தப் பத்து எழுத்தையும் பிசகாமல் சொல்லிவிட்டால், பழைய பேர் திரும்பிவிடும். சொல்லாவிட்டால், சுடுகாடு வரைக்கும் கரெக்‌ஷன்தான்.

"போன் பண்ணிக் கேட்டுடுங்களேன்" என்றாள் ஜானகி.

அதில்தான் வம்பு. மெஷின் சத்தத்தில் பழுத்த காது அவருடையது. போனில் அவருக்குச் 'ச'வும் 'க'வும் ஒன்றுபோலவே கேட்கும். எதிராளியின் வாயைப் பார்த்தால்தான் எழுத்து பிடிபடும். ராகுலன் ராத்திரி திரும்பும்போது இவர் தூங்கியிருப்பார். ஞாயிறன்று அவன் ஊரிலேயே இல்லை. ஆகவே திங்கட்கிழமை காலை சாம்பியன் ஸ்டேஷனில் போய் நின்றார்.

ராகுலன் ரயிலைப் பிடிக்கிறவன் இல்லை. ரயில் கிளம்பிய பிறகு அதைத் துரத்திப் பிடிக்கிறவன். படியில் தொற்றிய பிறகுதான் அவனுக்குப் பேச மூச்சு வரும்.

"அந்த வார்த்தைய எப்பிடிப்பா சொல்றது?" என்று ஆறுமுகம் பிளாட்பாரத்தில் கூடவே ஓடினார்.

"மார்..." என்றான் ராகுலன். எஞ்சின் ஊதியது. ரயில் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை ரயில் இன்னும் வேகமாகக் கிளம்பிவிட்டது. அதனால் ராகுலன் தொலைவிலிருந்து தொண்டை கிழியக் கத்தினான். "செஸ்!" பிளாட்பாரத்தில் இட்லி விற்றுக்கொண்டிருந்த பெண்மணி, தன்னைத்தான் என்னவோ திட்டுகிறான் என்று கரண்டியை ஓங்கினாள்.

புதன்கிழமை ராகுலன் பஸ்ஸில் போய்விட்டான். அன்றுதான் கரண்டியும் டம்ளருமாக ஆறுமுகம் மூன்றாவது துண்டுக்குக் காத்து நின்றது. வியாழக்கிழமை அதுவும் வந்தது. "சென்ட்." அன்று ராகுலனுக்குச் சளி. மெல்லத்தான் சொன்னான்.

ஆக மூன்று நாள், மூன்று துண்டு. ஒன்று மூச்சிரைப்பில் வந்தது, ஒன்று கத்தலில் வந்தது, ஒன்று சளியில் வந்தது. தனித்தனியாகச் சொன்னால் ஒவ்வொன்றும் தேன். சேர்த்துச் சொன்னால் நாக்கு நடுவில் தடுக்கி விழுந்தது.

"மார் செஸ்... மார் செ... மாசெஸ்..."

"எனக்கு 'ஜானகி'ன்ற பேரே உங்க வாயில முழுசா வந்ததில்ல" என்றாள் ஜானகி. "முப்பத்தொம்போது வருசமா 'இந்தா'தான். நீங்க லத்தீனுக்குப் போயிட்டீங்க."

அப்போதுதான் அவருக்குள் பழைய பெல்காரர் விழித்துக்கொண்டார். மூன்று துண்டு என்றால் மூன்று பெல்! நாக்கு பிசகினாலும் கை பிசகாதே! கையை முன்னால் விட்டு, நாக்கைப் பின்னால் ஓட்டிவிட்டால்?

சுவரோரமாய்ப் போன இரும்புத் தண்ணீர்க் குழாயில் கரண்டியால் அடித்தார். டங். டங். டங். "மார்-செஸ்-சென்ட்!"

வழுக்கிக்கொண்டு வந்தது. என்ன ஆச்சரியம், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குழாயும் பதில் சொல்லியது. டங். டங். டங்.

'எதிரொலியே எழுந்து வருதே!' என்று பூரித்துப்போய், சட்டையை மாட்டிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குக் கிளம்பினார்.

மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஷில்பாவின் ஜெராக்ஸ் கடை இருந்தது. எதற்கும் கம்ப்யூட்டரிலும் ஒருமுறை கேட்டு வைப்போமே என்று காலண்டர் தாளை நீட்டினார். அதுதான் தப்பாய்ப் போயிற்று.

"அங்கிள், இது பிரிட்டிஷ்" என்று ஷில்பா ஒன்றைத் தட்டினாள். ஒரு துரை பேசினான். "இது அமெரிக்கன்." ஒரு துரைசாணி மூக்கால் பேசினாள். "இது ஒரிஜினல் லத்தீன் அங்கிள். அதுல 'ச' கிடையாதாம், எல்லாம் 'க'வாம்."

கம்ப்யூட்டர் ஒரு கிழவன் குரலில், மார்கெஸ் என்றோ கென் என்றோ முழங்கியது.

"இதுல எதும்மா நம்மளது?"

"உங்களுக்கு எது பிடிக்குதோ அது அங்கிள். ஒரு காப்பி போடட்டுமா?"

ஒரு வார்த்தையோடு கடைக்குள் போனவர் நான்கோடு வெளியே வந்தார். டீக்கடையில் உட்கார்ந்து அதை வாய்விட்டு ஆராய்ந்தது அடுத்த தப்பு. பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் ஆளுக்கொன்றைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அவர் வீடு போய்ச் சேருவதற்குள் வார்த்தை எட்மண்டிடம் போய்ச் சேர்ந்து, எட்மண்டின் பதில் டீக்கடைப் பையன் வாயில் இவர் வாசலுக்கே வந்துவிட்டது.

"லத்தீன் வார்த்தைய லத்தீனாதான் சொல்லணுமாம். 'க' போட்டு. சின்ன வயசுல சர்ச்ல அவரு லத்தீன்லதான் ஜெபம் படிச்சாராம். ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்னு சொல்லச் சொன்னாரு."

ஆறுமுகத்துக்குக் கண்ணைக் கட்டியது. அப்படியே உள்ளே நுழைந்தால், அங்கே வேறொரு வம்பு.

"நீங்க இன்னாத்தயோ அடிச்சிட்டுப் போயிட்டீங்க" என்று ஜானகி தலையில் கைவைத்தாள். "பக்கத்து வீட்டு ராஜப்பா அண்ணன் காலையிலேர்ந்து எழுந்துக்கவே இல்ல!"

ராஜப்பா சுரங்கத்தில் கேஜை ஓட்டிய எஞ்சின் டிரைவர். மணி அடிப்பவர் ஆறுமுகம் என்றால், அதைக் கேட்டுக் கேஜை இறக்குபவர் அவர். வயது எழுபத்தொன்பது. ஆறுமுகம் ஓடிப்போய்ப் பார்த்தபோது, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கைத்தடியின் பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி, சுவரை முறைத்துக்கொண்டிருந்தார். முன்னால் காலை காப்பி பாலாடை கட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் பதினொரு மணி காப்பி. அதற்கும் பக்கத்தில் சோறு.

"அண்ணே, இன்னா ஆச்சு?"

"இன்னா ஆச்சா?" ராஜப்பா சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மூணு பெல் அடிச்சியா? பதிலுக்கு நானும் மூணு குடுத்தனா? ஆள் ஏறியாச்சு. அதுக்கப்புறம் நீ மார்க்கெட்டுக்குப் பூட்ட. கேஜ்ல ஆள வெச்சிகினு நான் எப்பிடிடா எழுந்து ஒண்ணுக்குப் போறது?"

ஆறுமுகம் குழாயருகே போய் இரண்டு தட்டினார். ராஜப்பா பெருமூச்சு விட்டுக் கைத்தடியை, எஞ்சின் லீவர்போல, மெல்ல மெல்ல முன்னுக்குச் சாய்த்தார். உதடுகள் ஆழத்தை எண்ணின. இரண்டாயிரம் அடி இறக்குவதற்கு முழுசாக மூன்று நிமிடம் பிடித்தது. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஆறுமுகம் ஒரு தட்டுத் தட்டினார். கைத்தடி நின்றது.

"எல்லாரும் நல்லபடியா எறங்கிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் ராஜப்பா பின்கட்டுக்கு ஓடினார்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் ஆறுமுகம் தலையணையில் மட்டுமே தட்டிப் பழகினார். சனிக்கிழமை சாயங்காலம் திடீரென்று மழை பிடித்தது. அவர் வாசலுக்கு ஓடினால், அவருக்கு முன்னாலேயே அங்கே வெங்கடம்மா நின்றுகொண்டிருந்தாள். செடிக்குக் குடையைப் பிடித்துவிட்டு, அவள் தொப்பலாய் நனைந்திருந்தாள்.

"நனைஞ்சா நனையட்டும்மா. செடிதானே?"

"வேணாம் அண்ணய்யா! இந்தச் செடிக்கு ஈரம் ஆகவே ஆகாது!" என்று அவள் அலறினாள்.

ஆறுமுகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற மகளுக்குக்கூட இந்தச் செடிமேல் இத்தனை பாசமில்லை.

ஞாயிற்றுக்கிழமை. சங்க மண்டபத்தில் நூற்றைம்பது நாற்காலி, முந்நூறு பேர். முன்வரிசைகள் முழுக்கப் பழைய சுரங்கத்து ஆட்கள். நடுவே ராஜப்பா, கைத்தடியோடு. ராகுலனும் வந்திருந்தான். வாயைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறுமுகம் அவனைத்தான் நம்பியிருந்தார். ஆனால் வாரம் ஆறு நாளும் ரயிலைத் துரத்துகிறவன், நாற்காலி கிடைத்ததும் தூங்கிப்போனான். வாய் திறந்துதான் இருந்தது, எழுத்துதான் வரவில்லை. நடுவராக பெங்களூரிலிருந்து வந்திருந்த இந்து மேடம், தாவரவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மூக்கின் நுனியில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி.

"அடுத்து, திரு. ஆறுமுகம்" என்றார் எட்மண்ட். கையில் ஒரு தடித்த அகராதி, அதில் அடையாளத்துக்கு ஒரு மயிலிறகு. இரண்டு விரல்களும் இப்போதே பாதி எழுந்திருந்தன.

கூட்டத்தில் யாரோ, "கரெக்‌ஷன் வராருடோய்!" என்றார்கள். சிரிப்பு.

ஆறுமுகம் மைக்குக்கு முன்னால் நின்றார். "இது... நாட்டு வாதாம். இதனோட விசேஷம் இன்னான்னா..."

துரை, துரைசாணி, லத்தீன் கிழவன், சளி பிடித்த ராகுலன் நால்வரும் அவருடைய நாக்கில் ஒரே நேரத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். வாய் திறந்தது. காற்றுகூட வரவில்லை.

எட்மண்டின் விரல்கள் முக்கால் பாகம் எழுந்தன.

ஆறுமுகத்தின் வலது கை, அவரைக் கேட்காமலே, சட்டைப் பையிலிருந்து கரண்டியை எடுத்தது. மைக் கம்பியில் அடித்தது.

டங். டங். டங்.

ஸ்பீக்கர் அதை நூறு மடங்காக்கி மண்டபமெங்கும் முழங்கியது. அடுத்த கணம், முன்வரிசைகளில் எண்பது கிழவர்கள் ஒரே ஆளாய் எழுந்து நின்றார்கள். இடுப்பு வேட்டியை இறுக்கினார்கள், தோளோடு தோள் ஒட்டி நெருங்கினார்கள். முட்டிவலிக்காரர் முட்டிவலியை மறந்தார். ராஜப்பாவின் கைத்தடி தரையில் பதில் கொடுத்தது. டக். டக். டக்.

எட்மண்டுக்கு முகம் வெளுத்துவிட்டது. டைம் ஆபீஸ்காரர் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சுரங்கத்துக்குள் இறங்கியவரில்லை. இந்த மணிபாஷை அவருக்குத் தெரியாது. ஆறுமுகம் வாயைத் திறப்பதற்கு முன்பே ஊரே எழுந்து நின்று மரியாதை செய்கிறது என்றுதான் அவருக்குப் பட்டது.

நின்றவர்கள் உட்காருவதாக இல்லை. ஆள் ஏறியாயிற்று, அடுத்த பெல் வராமல் எப்படி? ஆறுமுகத்துக்கு ராஜப்பாவின் ஆறிப்போன காப்பிகள் நினைவுக்கு வந்தன. இரண்டு தட்டினார்.

கேஜ் இறங்கும்போது முட்டி தானாக மடங்குமே, அந்தப் பழக்கம். நூற்றறுபது முட்டிகளும் மடங்க, எண்பது பேரும் நாற்காலியில் மெத்தென்று இறங்கினார்கள். ராஜப்பாவின் தடி மெல்லச் சாய்ந்தது. ஆறுமுகம் ஒன்று தட்டினார்.

மண்டபம் செத்துப்போனது போல அமைதியானது.

அந்த நேரம் பார்த்துத்தான் எட்மண்ட், துணிச்சலைத் திரட்டி, இரண்டு விரலையும் முழுசாகத் தூக்கினார். "ஒரு ஸ்மால்..."

"எட்மண்டு! அசையாத!" என்று ராஜப்பா கர்ஜித்தார். "ஒத்த பெல் அடிச்சப்புறம் எவனாச்சும் கையைத் தூக்குவானா? கை போயிடும்!"

எட்மண்டின் கை அந்தரத்திலேயே உறைந்தது. அந்த அமைதியில், கை முன்னால் போய்விட்ட தைரியத்தில், ஆறுமுகத்தின் நாக்கு பின்னால் ஓடி வந்தது. முதல் துண்டு அளவாக, நடுத்துண்டு ஓங்கி, கடைசித் துண்டு பூவாக.

"மார்-செஸ்-சென்ட்!"

இந்து மேடம் இரண்டு கண்ணாடியையும் கழற்றினார். "முப்பது வருஷம் பாடம் நடத்தினேன். இந்த வார்த்தையை இவ்வளவு சுத்தமாப் பிரிச்சு, அழுத்தம் சரியா நடுவுல போட்டு ஒரு ஸ்டூடண்ட்கூடச் சொன்னதில்லை. யாருங்க உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?"

"ரயிலுங்க" என்றார் ஆறுமுகம்.

கைதட்டலில் ராகுலன் விழித்துக்கொண்டு, ரயில் கிளம்பிவிட்டதென்று வாசலை நோக்கி ஓடினான்.

எட்மண்ட் அகராதியை மூடினார். மெதுவாக நெருங்கி வந்து ஆறுமுகத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நோ கரெக்‌ஷன்" என்றார். பின்னாலிருந்து யாரோ, "பெல் ஆறுமுகம்!" என்று விசிலடித்தார்கள். ரொம்ப நாள் கழித்துக் கேட்ட பேர். ஆறுமுகம் மேல்துண்டால் முகத்தைத் துடைப்பதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜானகி பார்த்தாள். பார்க்காததுபோல இருந்துவிட்டாள்.

இதற்குள் இந்து மேடம் செடிக்குப் பக்கத்தில் போய்க் கையை நீட்டினார். எங்கிருந்தோ வெங்கடம்மா குறுக்கே பாய்ந்தாள்.

"தொடாதீங்கம்மா! அதுக்குக் கூச்சம்!"

மேடம் கையைக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். பார்த்தவர் துள்ளிவிட்டார். "அட! நாப்பத்தோரு இலை மேலே பார்த்து இருக்கு. இந்த ஒண்ணு மட்டும் முதுகைக் காட்டித் தலைகீழா நிக்குது பாருங்க! இயற்கையோட விளையாட்டு! இதுக்கும் லத்தீன்ல தனியா ஒரு வார்த்தை இருக்கு. முதல் பரிசு இந்தச் செடிக்குத்தான். நான் இதைப் பத்திக் கட்டுரையே எழுதப்போறேன்!"

"அந்த வார்த்தை எத்தினி பெல்லுங்க மேடம்?" என்று கேட்டபடி ஆறுமுகம் மறுபடி கரண்டியை ஓங்கினார். முன்வரிசைகள் மொத்தமும் நாற்காலி நுனிக்கு வந்தன.

வெங்கடம்மாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவருடைய முழங்கையைப் பிடித்தாள்.

"மன்னிச்சிடுங்க அண்ணய்யா, நாப்பத்தோரு எலையயும் பாத்துப் பாத்து நேராதான் ஒட்டினேன், அந்த ஒண்ணு மட்டும்தான் அவசரத்துல தலகீழா ஒட்டிக்கிச்சு!"